வாடகைச் சந்தை யாருடைய உழைப்பில் வளர்கிறது?

வாடகைக்கு விட வீடு வாங்கிப் போடுங்கள், பணம் குட்டி போடும் என்று கையில் நாலு காசு உள்ளவர்களுக்கு இன்று யோசனை சொல்கிறார்கள். எந்த ஊரில் வாங்குவது என்பதற்கும் சூத்திரம் உண்டு. ரயில் ஸ்டேஷன் இருக்கிறதா? தொழிற்சாலை வருகிறதா? பிழைப்புத் தேடி வருவோர் கூட்டம் பெருகுகிறதா? இவை இருந்தால் அது "நல்ல சந்தை". முதல் வீட்டின் வாடகையைக் காட்டி வங்கியில் கடன் வாங்கி இரண்டாவது வீடு. அதன் வாடகையைக் காட்டி மூன்றாவது வீடு. வியாபாரம் இப்படித்தான் வளர்கிறது.

இந்தச் சூத்திரத்துக்குத் தாம்பரம் பொருத்தமான ஊர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1984-ல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலைகள் எழுந்தன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சியாயின. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது.

தண்டவாளம் போட்டது யார்? பஸ் நிலையம் கட்டிய பணம் யாருடையது? ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைத்துத் தொழிற்சாலையை ஓட்டுவது யார்? வீட்டுக்காரர் ஒரு செங்கல்லைக்கூடக் கூடுதலாக வைக்கவில்லை. அதே சுவர், அதே கூரை. பக்கத்தில் பஸ் நிலையம் வந்ததும் வாடகை ஏறுகிறது. ஊரார் வரிப்பணத்தில் விளைந்த பலன் ஒருவர் மடியில் போய் விழுகிறது. "நல்ல சந்தை" என்பதன் பொருள் இதுதான்: உழைப்பாளிகள் கூடும் இடம், அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாத இடம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கம் போராடி மாதம் 1,500 ரூபாய் கூலி உயர்வு வாங்கித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டில் வாடகை 1,000 ரூபாய் ஏறினால்? மில் வாசலில் வென்றதில் மூன்றில் இரண்டு பங்கை வீட்டு வாசலில் தோற்றுவிட்டோம்! முதலாளி கொடுத்ததாகக் கணக்கு எழுதுகிறார். நம் அடுப்பங்கரைக்கோ மிச்சம் 500 தான்.

விவசாயத் தொழிலாளியின் கதை இன்னும் கொடுமை. இது ஏரிப் பாசன பூமி. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த வயல்கள் மனைகளாயின. நிலச் சொந்தக்காரருக்குக் கிரயப் பணம் கிடைத்தது. நாற்று நட்டவளுக்கு? அங்கே எழும் கட்டடத்தில் சித்தாள் வேலை. பிறகு அதே ஊரில் ஒண்டுக் குடித்தனம்! தண்ணீர் போகும் வழியெல்லாம் வீடானதன் பலனை 2015 டிசம்பரில் பார்த்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தாழ்ந்த இடத்தில் வாடகை மலிவு. அந்த மலிவின் விலையை வெள்ளத்தில் கொடுப்பவர்கள் நாம்தான்.

வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே ரகம் என்று நாம் சொல்லவில்லை. பிராவிடண்ட் பண்டைப் போட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் முதுமையை ஓட்டும் ரிடையர்டு தொழிலாளியும் உண்டு. அவர் நம்மவர். கடன்மேல் கடன் வாங்கி இருபது வீட்டை வளைத்துப் போடுபவர் வேறு.

சட்டம் என்ன செய்கிறது? 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. நியாய வாடகை கேட்டு மனுப் போடவும் வழி இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் நியாய வாடகை போய்விட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொள்வதே வாடகை. கூலிக்காரனும் இருபது வீட்டுக்காரரும் சமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்! முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று அளவு வைத்தார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுவும் இல்லை.

இருந்தாலும் அந்தச் சட்டத்தில் நமக்கு உதவுவதை விடக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்யுங்கள். கொடுக்கும் வாடகைக்கு ரசீது கேளுங்கள். குடித்தனக்காரரை விரட்டத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டப்படி குற்றம். வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். தனியாகப் போனால் மிரட்டுவார்கள். தெருவாகச் சேர்ந்து போங்கள்.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1915-ல் யுத்த காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகையை ஏற்றினார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கூடுதல் வாடகை தர மறுத்தார்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளிகள் துணை நின்றார்கள். அந்த ஆண்டே வாடகையை யுத்தத்துக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட வேண்டியதாயிற்று. வியன்னா நகரசபை 1923 முதல் 1934 வரை வீட்டு வரி போட்டு, மாளிகைகளுக்கு அதிகம் வசூலித்து, அறுபதாயிரத்துக்கு மேல் வீடுகள் கட்டியது.

நம் பக்கத்திலும் முடியாததில்லை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அரசு நினைத்தால் கட்ட முடியும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் விடுதிக் கட்டில் வேறு, வீடு வேறு. தாய் தகப்பனோடும் பிள்ளை குட்டிகளோடும் வாழ வீடு வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை: நியாய வாடகை சட்டத்தில் திரும்ப வரட்டும். தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் நிலம் ஒதுக்கட்டும். ரயிலும் பஸ் நிலையமும் ஏற்றிவிடும் மனை விலையில் ஒரு பங்கை வரியாக வாங்கி, அதில் பொது வாடகை வீடுகள் கட்டட்டும். சங்கங்களும் கூலிக் கோரிக்கையோடு வீட்டுக் கோரிக்கையையும் சேர்த்து வைக்கட்டும்.

கூலிக்காகப் போராடிப் பழகிய கைகள் நம்முடையவை. அந்தக் கூலியை வீட்டு வாசலில் பறிகொடுக்காமல் காப்பதும் அதே போராட்டம்தான், தோழர்களே!