இயர்பட்ஸ் வாங்கப் போறவைக்கும், வாங்கவே கூடாது என்பவைக்கும்

 

இரண்டு கிழமையாக எங்கட ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டை. வெளிச்சத்தத்தை அடக்குகிற இயர்பட்ஸ் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா? ஒரு பகுதி, "காது செவிடாகும், மூளை பழுதாகும்" என்று எங்கிருந்தோ வந்த குரல்பதிவை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மற்றப் பகுதி கடையில் எடுத்த பெட்டியின் படத்தைப் போட்டு, "50 டெசிபல், 4,000 ரூபாதான், சும்மா கிடைச்ச மாதிரி" என்கிறது. ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களிடமும் கேட்கிறார்கள். இரண்டு பகுதிக்கும் கோபம் வருகிற பதில்தான் எங்களிடம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கோ.

முதலில் 4,000 ரூபாப் பெட்டி. அதில் அச்சடித்திருக்கிற எழுத்துகளை ஒருக்கா வடிவாய்ப் பாருங்கோ. கனக்கப் பெட்டிகளில் இருப்பது ஏ.என்.சி இல்லை, ஈ.என்.சி. நீங்கள் போனில் கதைக்கும்போது உங்கள் பக்கத்து இரைச்சல் மற்ற ஆளுக்குப் போகாமல் குறைப்பது ஈ.என்.சி. உங்கள் காதுக்கு அது ஒரு உதவியும் செய்யாது. 750 பஸ்ஸில் இருந்துகொண்டு கொழும்பில் இருக்கிற மச்சானோடு கதைத்தால் அவருக்குத் துப்புரவாகக் கேட்கும். உங்களுக்கு பஸ் இரைச்சல் அப்படியே இருக்கும். ஏ.என்.சி என்பது வேறு வேலை. வெளியிலிருந்து வருகிற சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி, காதுக்குள் விட்டு அடக்குவது. மேடு வருகிற இடத்தில் பள்ளத்தை வைப்பது என்று சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இந்த இரண்டையும் ஒரே பெயரில் விற்பது சனத்தைப் பேய்க்காட்டுகிற வேலை. கடையில் நிற்கிற தம்பிக்கு அநேகமாக வித்தியாசம் தெரியாது, அவரில் பாய்ந்து பிரயோசனம் இல்லை. மொத்தமாக இறக்குகிற முதலாளிமாருக்குத் தெரியும். அவர்களில் எங்கட சமூகத்துச் சகோதரர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்: குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே அளவையில் குறைப்பவர்களை வைத்துத்தான். தராசில் குறைத்தால்தான் குறைப்பு என்று நினைக்க வேண்டாம்.

இனி உண்மையான ஏ.என்.சி. நடுத்தர விலை என்று நாங்கள் சொல்வது 15,000 ரூபாவில் இருந்து 30,000 ரூபாவுக்குள் வருகிறவை. நதிங் இயர் (ஏ) 45 டெசிபல் குறைக்கும் என்கிறது அதன் கம்பனி. சி.எம்.எஃப் பட்ஸ் புரோ 2 தனக்கு 50 என்கிறது. சவுண்ட்கோர் லிபர்ட்டி 4 என்.சி நூற்றுக்கு 98.5 பங்கு சத்தம் போகும் என்கிறது. இவை எல்லாம் குறிப்பிட்ட சுருதியில் கிடைக்கிற உச்சக் கணக்கு. எல்லாச் சத்தமும் அந்தளவுக்கு இறங்கும் என்று அர்த்தம் இல்லை. யூரியூப் காரர்கள் இந்த எண்களை வைத்து அரை மணித்தியாலம் கதைப்பார்கள். அவர்கள் குளிரூட்டிய அறைக்குள் இருந்து பார்ப்பதற்கும் நாங்கள் நெல்லியடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எங்கட ஆசிரியர் அறையில் மூன்று கம்பனிகளின் மூன்று சோடி இருக்கிறது. ஒரு மாதம் மாறி மாறிப் போட்டுப் பார்த்தோம். மின்விசிறி, பஸ் இஞ்சின், பக்கத்துக் கடை ஜெனரேற்றர் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை மூன்றுமே நல்லாய் அடக்கின. ஆள் கதைக்கிறது, குழந்தை அழுகிறது, ஹோர்ன் சத்தம் எதிலும் முழுதாகப் போகவில்லை. பீத்தோவன் மெட்டோடு வருகிற பாண் ஓட்டோவை எந்த இயர்பட்ஸாலும் தோற்கடிக்க முடியாது. மோட்டார் சைக்கிளில் போனால் மைக்கில் காற்று அடித்து, போடாததை விட மோசம். நுனி ரப்பர் காதுக்குப் பொருந்தாவிட்டால் 30,000 ரூபாச் சாமானும் 3,000 ரூபாச் சாமான் மாதிரித்தான். பெட்டிக்குள் மூன்று அளவு வருகிறது, அதை மாற்றிப் பார்க்கிற ஆட்களைத்தான் காணோம்.

ஒரு விமர்சகரும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. பர்தாவுக்குள் போடுகிற எங்கள் ஆசிரியைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் துணி மைக்கில் உரசிச் 'சரசர' என்று கேட்கும். தொடுகட்டளையும் துணி பட்டுத் தன்பாட்டில் வேலை செய்யும். செயலிக்குள் போய் அந்தத் தொடுகட்டளையை நிறுத்த முடிகிற சாமானாக எடுங்கோ. உரசல் சத்தத்துக்கு மருந்து இல்லை.

பற்றரிக் கணக்கிலும் பார்த்து நடக்க வேண்டும். சாம்சங் கலக்ஸி பட்ஸ் எஃப்.ஈ ஏ.என்.சி இல்லாமல் 8.5 மணித்தியாலம், போட்டால் 6 என்று கம்பனியே சொல்கிறது. நதிங் இயர் (ஏ) 9.5, போட்டால் 5.5. பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் முதல் எண். போதாததற்கு, இந்தச் சின்னப் பற்றரி வருடம் போகப் போகச் சோரும், மாற்றவும் ஏலாது. ஆகவே கடைக்காரர் துண்டில் எழுதித் தருகிற வாரண்டியை நம்பி 20,000 ரூபா கொடுக்க வேண்டாம். கம்பனி முகவரின் அட்டை இல்லாவிட்டால் திரும்பி வாங்கோ.

இப்போது "செவிடாகும்" என்கிற பெரியவர்களுக்கு. காதைக் கெடுப்பது ஏ.என்.சி இல்லை. சத்தத்தின் அளவும் அதைக் கேட்கிற நேரமும்தான் கெடுப்பவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 என்றால் வெறும் 4 மணித்தியாலம். சிறுவர்களுக்கு 75 டெசிபலோடு நிறுத்தச் சொல்கிறது. பஸ்ஸில் 800 ரூபா வயர் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ரியூசன் பாடம் கேட்கிற பிள்ளை, இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்க வேண்டும் என்று முழுச் சத்தம் வைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இஞ்சின் சத்தத்தை அடக்கிக் கொடுத்தால் பாதிச் சத்தமே போதும். அதற்காகத்தான் இந்தச் சாமானுக்கு நாங்கள் காசு கொடுக்கலாம் என்கிறோம். ஏ.என்.சியையும் போட்டு முழுச் சத்தமும் வைக்கிற பிள்ளைக்கு அது வீண் செலவு. நீங்கள் எதிர்க்க வேண்டியது அந்த முழுச் சத்தத்தை. அதைப் பற்றி ஒரு குரல்பதிவும் வந்ததாக இல்லை.

ஆனால் றோட்டில் போட விடக்கூடாது. இதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. இந்த வித்தையை விமானத்துக்குள் இருந்து யோசித்தவர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன். 1978இல் ஒரு பயணத்தில் இஞ்சின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் கணக்குப் போடத் தொடங்கினார். 1989இல் அவருடைய கம்பனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்கு விட்டது. அதாவது இஞ்சினின் உறுமலை அழிக்கவே பிறந்த சாமான் இது. எங்கட ஒழுங்கையால் சைக்கிளில் போகிற பிள்ளைக்குப் பின்னால் மணல் டிப்பர் வருகிறதென்று சொல்வதும் அதே உறுமல்தான். நல்ல ஏ.என்.சி முதலில் அழிக்கிற சத்தம் பிள்ளையின் உயிரைக் காக்கிற சத்தம். வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற முறை எல்லா நடுத்தரச் சாமானிலும் உண்டு, அது நடந்து போகும்போது சரி. சைக்கிளில் ஏறினால் பெட்டிக்குள் போக வேண்டும். ஸலாம் சொன்னால் பதில் வராததைப் பொறுக்கலாம், ஹோர்ன் அடித்தும் திரும்பாத பிள்ளையைப் பற்றிப் பிறகு கதைக்க ஒன்றும் இருக்காது.

கடைசியாக, சொன்னால் சிலர் எங்களை 'அன்ஃப்ரெண்ட்' பண்ணக்கூடிய விஷயம். உயர்தரப் பிள்ளைகளிடம் ஏன் இது வேண்டும் என்று கேட்டோம். பாட்டுக் கேட்க என்று சொன்னவர்கள் குறைவு. "இரவில படிக்க ஏலாது சேர், லவுட்ஸ்பீக்கர்" என்றுதான் அதிகம் பேர் சொன்னார்கள். சத்தம் போடுகிறவர்கள் நாங்கள், அதை அடக்க 20,000 ரூபா செலவழிக்கிறது பிள்ளையின் வீடு. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை பஞ்சைக் காதில் அடைக்கிறது.

எங்கட பக்கத்திலிருந்தே தொடங்குவோம். வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கில் 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா. விருப்பமில்லாதவனைக் கட்டிவைத்துக் கேட்க வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது, மற்ற நேரத்திலும் சத்தம் அந்த வளவைத் தாண்டக்கூடாது என்றது. வழக்கு பள்ளிவாசலில் தொடங்கினாலும் தீர்ப்பு கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் சேர்த்துத்தான். அதை நாங்களும் மதிக்கவில்லை, நீங்களும் மதிக்கவில்லை.

பாங்கையோ பூசை மணியையோ நிற்பாட்டச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மணிக்கணக்காக ஓடுகிற பயானையும் பாட்டையும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிறமாதிரிப் பெட்டியை உள்ளுக்குத் திருப்பி வையுங்கோ, உயர்தரப் பரீட்சை முடியும்வரையாவது. நாங்கள் தொழப் போகிற பள்ளியின் நிர்வாகத்துக்கும் ஊர்க் கோயில்களின் பரிபாலன சபைகளுக்கும் ஒரே கடிதமாக எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்து வைக்க விரும்புகிற பெற்றோர் பாடசாலை விட்ட பிறகு வாங்கோ. வரும்போது அந்த 4,000 ரூபாப் பெட்டியையும் கொண்டு வந்தால், ஏ.என்.சியா ஈ.என்.சியா என்று பார்த்துச் சொல்கிறோம்.