‘பேசிவிடுவான்’ என்று காத்திருக்கலாமா?

“அவன் அத்தாவே மூன்று வயதில்தான் பேசினார். இவனும் பேசிவிடுவான்.” திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர் வட்டாரத்தில் பேச்சு வராத பிள்ளையைப் பெற்ற தாய்க்குக் கிடைக்கும் ஆறுதல் இதுதான். இந்த ஆறுதலில் பிள்ளையின் பொன்னான ஆண்டுகள் கரைந்து போகின்றன என்பதை நாம் சிந்திக்க வேண்டாமா?

தாமதமாகப் பேசும் பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் இல்லை. காது கேளாமையும் காரணமாக இருக்கலாம். அதைப் பரிசோதித்தால்தானே தெரியும்! ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, கையசைத்து டாட்டா காட்டாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, முகம் பார்க்காதது, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுற்றிக் கொண்டிருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இது கண்ணேறு அல்ல. தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. தாயத்துக் கட்டிக் காத்திருப்பதால் காலம்தான் போகும். தடுப்பூசியால் வருகிறது என்பதும் பொய். அந்த வதந்தியைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது.

ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து கிடையாது. ‘முழுக் குணம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி ஆகியவற்றைச் சிறு வயதிலேயே தொடங்கினால் பலன் உண்டு. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013லேயே மத்திய அரசு திட்டம் கொண்டு வந்தது. அங்கன்வாடிக்கு வரும் அந்த மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம் பெற்றுள்ளது. சான்றிதழ் பெறுவது நம் பிள்ளையின் உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வியாபாரச் சகோதரர்களே! சரக்குத் தேங்கினால் மறுநாளே காரணம் தேடுகிறோம். பிள்ளையின் பேச்சு தேங்கினால் மட்டும் ஆண்டுக்கணக்கில் பொறுப்பது என்ன நியாயம்? வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களே! வீடியோ அழைப்பில் பிள்ளை ஒருமுறைகூட உங்கள் பக்கம் திரும்பாவிட்டால், ‘வெட்கப்படுகிறான்’ என்று முடித்துவிடாதீர்கள். தாய் சந்தேகப்பட்டால் அதற்குக் காது கொடுங்கள். இளைஞர்களே! அத்தா ஊரில் இல்லாத வீடுகளுக்கு, மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல நீங்கள் முன்வர வேண்டும்.

கடையை ஒரு நாள் அடைத்தால் குடி முழுகிவிடாது. கைவிட்டுப் போன பிள்ளைப் பருவத்தை எந்த லாபம் கொண்டும் வாங்க முடியாது!