முரசு கரைந்தால் மீளுமா?

"ஐயா, பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் வளர்கின்றது. அப்பாவின் முரசு மட்டும் ஏன் வளரவில்லை?"

எம்மிடம் உயிரியல் பயிலும் மாணவனொருவன் சென்ற தவணையிற் கேட்ட வினா இது. தந்தையாருக்குப் பற்கள் ஆட்டங்கண்டு, இரண்டைப் பிடுங்க வேண்டுமென வைத்தியர் கூறிவிட்டாராம். வினா சிறிது, விடை நெடிது.

பல்லானது எலும்பிலே ஆணிபோல் அறையப்பட்டதன்று. வேருக்குந் தாடையெலும்புக்கும் இடையே, ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படலமொன்று இரண்டையும் பிணைத்து நிற்கின்றது. பல்லடியிற் படியும் கிருமிகளை எதிர்த்து உடல் புரியும் போரிலே, அந்நாரும் அதனைத் தாங்கும் எலும்பும் அழிந்துபோகின்றன. சுத்தஞ்செய்தால் அழிவு நிற்கும். போன எலும்போ பெரும்பாலும் மீளாது. புண் ஆறும்போது முரசின் மேற்றோல் விரைந்து உள்ளிறங்கி, மெல்ல வளரும் நாரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம்.

இந்நோயின் இயல்பை உலகுக்கு உணர்த்தியவர்களுள் எம் நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் உளர் என்பதைப் பலர் அறியார். நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவின் குழுவினர், பல் வைத்தியமே கண்டிராத 480 ஆண் தொழிலாளரின் வாய்களை 1970 முதல் 1985 வரை பன்முறை சோதித்தனர். எல்லோர் பல்லிலும் அழுக்குப் படிந்தேயிருந்தது. ஆயினும், நூற்றுக்கு 8 பேரிடம் நோய் கடுகி வளர்ந்தது. 81 பேரிடம் நடுத்தரமாகச் சென்றது. 11 பேரிடமோ முரசு அழன்றதன்றி மேலே செல்லவில்லை. அழுக்கோடு அவரவர் உடலின் இயல்பும் சேர்ந்தே பல்லைக் கெடுக்கின்றது என்பது தெளிவாயிற்று. பல் மருத்துவ நூல்களில் அத்தொழிலாளர் இன்றும் எண்களாக நிற்கின்றனர், பெயர்களாக அல்லர்.

அதே லோ 1983 முதல் 1994 வரை அமெரிக்கத் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்தார். கதையின் மறுபாதியும் அந்நிறுவனத்திலேதான் பிறந்தது. அங்கு பணிபுரிந்த சொங்தாவோ ஷி, தம் சிறு மகளுக்கு விழுந்த பாற்பல்லைக் கண்டு ஐயுற்று ஆராயத் தொடங்கினார். பாற்பல்லினுள்ளே குருத்துக் கலங்கள் உயிரோடிருப்பதை 2003இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். குருத்துக் கலமாவது, இன்னதாவேன் என இன்னும் முடிவுசெய்யாத இளங்கலம். தக்க சூழலில் எலும்பாகவோ நாராகவோ முதிர வல்லது. 2004இல், பிடுங்கிய ஞானப்பற்களின் நார்ப்படலத்திலும் இத்தகையனவற்றைக் கண்டனர். எலியுடலில் வைத்தபோது, வேரின் மேற்பூச்சையும் நாரையும் ஒத்த இழையத்தை அவை ஆக்கின. அழிந்த நாருக்குரிய விதை அந்நாரிலேயே இருந்தது!

இனி மனிதரிடம் கண்டது யாது? யப்பானில் பத்து நோயாளரின் சொந்தப் பற்களிலிருந்து கலங்களை எடுத்து, மெல்லிய தாளாக வளர்த்து, மூன்றடுக்காக வேரின்மேற் போர்த்தினர். குழிகளை எலும்புக்கு ஈடான துகளால் நிரப்பினர். ஆறு மாதத்தில் எலும்பு சராசரி 2 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்ததென 2018இல் எழுதினர். மகிழத்தக்கதே. எனினும் உயர்த்தியது கலமா, துகளா? ஒப்புநோக்க வேறு குழு அங்கில்லை. சீனத்தில் 2016இல் வெளிவந்த சோதனையொன்றில், முப்பது நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குக் கலமும் மாட்டெலும்புத் துகளும், மறுசாராருக்குத் துகள் மட்டும் இட்டனர். இரு சாராருக்கும் எலும்பு வளர்ந்தது. குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆதலால், குருத்துக் கலத்தால் முரசை மீட்போமென விளம்பரஞ் செய்வோரிடம் பணத்தைக் கொட்டுதல் இப்போது அறிவுடைமையாகாது.

இவ்வளவையும் கூறி, பல்லைப் பிடுங்குமுன் முரசு நோய்க்குரிய விசேட வைத்தியரிடம் தந்தையாரைக் காட்டுமாறு மாணவனுக்குச் சொன்னோம். அவன் சிறிது தயங்கி, "எனக்கு ஞானப்பல் இன்னும் முளைக்கவில்லை, ஐயா. முளைத்தால் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்றான். நாம் படித்த இரு சோதனைகளிலும் அவரவர் பல்லே அவரவருக்குப் பயன்பட்டது என்றோம்.