மாணவர் பேரவைக்குத் தேர்தல் வேண்டும்

மேடவாக்கத்தை நடுவில் வைத்து, மேற்கே தாம்பரம் வரைக்கும் கிழக்கே சோழிங்கநல்லூர் வரைக்கும் ஒரு சுற்று வந்தால், பொறியியல் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று வழிநெடுகப் பெயர்ப்பலகைகள்தாம். கட்டடத்துக்குக் குறைவில்லை. ஆய்வகம் உண்டு, வேலைவாய்ப்புப் பிரிவு உண்டு, ஆண்டுவிழாவுக்குப் பெரிய அரங்கம் உண்டு. மாணவர்கள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பேரவை மட்டும் இவற்றில் பலவற்றில் இல்லை. இதை அவசரமில்லாத விஷயம் என்று தள்ளிவைத்தது போதும். ஆண்டுதோறும் முறையான பேரவைத் தேர்தல் நடத்தாத கல்லூரி, பட்டம் கொடுக்குமே தவிர, மாணவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது.

காலை ஏழு மணிக்கு மேடவாக்கம் கூட்டு ரோட்டில் சற்று நின்று பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் காத்திருப்பார்கள். கல்லூரி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். உட்கார்ந்ததும் காதில் இயர்போன். மாலையில் கடைசி மணி அடித்த சற்று நேரத்தில் அதே பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறித்தான் வீடு சேர வேண்டும் என்பதால் யாரும் விடுவதில்லை. வகுப்பு முடிந்து மைதானத்திலோ கேன்டீனிலோ உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரம் இவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. நான்கு வருடம் படித்து முடித்தவருக்குப் பக்கத்துத் துறையில் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் போவது இப்படித்தான்.

பக்கத்திலுள்ள பெரும்பாக்கத்தில் இந்தக் குறை இன்னும் ஆழமாகத் தைக்கிறது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்குள்ள வாரியக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. பழைய தெருவையும் பழைய சிநேகிதர்களையும் விட்டு வந்த அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 'இது என் கல்லூரி' என்ற எண்ணம் மற்ற எவரையும்விட இவர்களுக்குத்தான் தேவை. அது அமையாவிட்டால் பாதியில் நின்றுவிடும் அபாயமும் இவர்களுக்குத்தான் அதிகம்.

கல்லூரி நிர்வாகங்கள் இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருக்கின்றன: கல்ச்சுரல்ஸ் நடத்துகிறோம், சிம்போசியம் நடத்துகிறோம், விதவிதமாக மன்றங்கள் வைத்திருக்கிறோம். நல்லதுதான், நடக்கட்டும். ஆனால் விழாவுக்கு யாரை அழைப்பது, எவ்வளவு செலவழிப்பது, கேன்டீனில் என்ன விலை, நூலகம் எத்தனை மணி வரை என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்துவிட்டு, கைதட்ட மட்டும் மாணவரைக் கூப்பிட்டால் அவர் பார்வையாளராகத்தான் இருப்பார். பொறுப்பில் பங்கு கிடைத்த இடத்தில்தான் ஒருவருக்கு உரிமையும் ஒட்டுதலும் வரும்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம், தாம்பரம் போனால் போதும். சென்னை கிறித்துவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, காட்டுக்கு நடுவே கட்டடம் எழுப்பியதோடு நிற்கவில்லை. விடுதிகளை 'ஹால்' என்ற தனித்தனிக் குடும்பங்களாக அமைத்தது. சேலையூர் ஹால், தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஒவ்வொன்றிலும் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகிகள் அன்றாடக் காரியங்களில் பொறுப்பேற்கும் மரபு வளர்ந்தது. அறுபது வயதிலும் அந்தப் பழைய மாணவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது பாடத்தைச் சொல்வதற்கு முன் ஹாலைச் சொல்கிறார்கள். தேர்தல் ஆணையத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை நாட்டுக்கே உணர்த்திய டி.என். சேஷன் இளங்கலை படித்ததும் சில காலம் கற்பித்ததும் இந்தக் கல்லூரியில்தான். அப்படிப்பட்ட மரபு கண்ணெதிரே இருக்கும்போது, பக்கத்துக் கல்லூரிகள் மாணவர் தேர்தல் என்றாலே கலவரம் என்று பயப்படுவதில் நியாயமில்லை.

தேர்தல் எப்படி உறவை வளர்க்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். பேரவையின் சேர்மன் பதவிக்கு நிற்கும் ஒரு மெக்கானிக்கல் மாணவர் தன் வகுப்பு ஓட்டை மட்டும் நம்பி ஜெயிக்க முடியாது. அதுவரை எட்டிப் பார்க்காத ஆங்கிலத் துறைக்குப் போக வேண்டும். பெண்கள் விடுதியில் தண்ணீர்ப் பிரச்சினை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வடமாநிலத்திலிருந்து வந்து யாரோடும் ஒட்டாமல் கடைசி பெஞ்சில் இருப்பவரிடமும் பேச வேண்டும். முதலாமாண்டு மாணவரைத் தேடி வந்து, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று சீனியர் ஒருவர் மரியாதையாகக் கேட்கும் சந்தர்ப்பம் கல்லூரி வாழ்க்கையில் வேறு எப்போது வருகிறது? முடிவு வந்த மறுநாள் தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே கேன்டீனில் டீ குடிக்க வேண்டும். எதிர்த்து நின்றவரோடு சேர்ந்து வாழப் பழகும் இந்தப் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

தேர்தலை நிறுத்திவிட்டால் தலைவர்களும் இல்லாமல் போய்விடுவார்கள் என்று நினைப்பது பெரிய பிழை. சென்னைக்கு இது நன்றாகத் தெரியும். மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி மாணவர்களிடையே 'ரூட்டு தல' என்றொரு பதவி இருக்கிறது. கல்லூரி அதை அங்கீகரிக்கவில்லை, அதற்கு வாக்குப்பெட்டியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ஒரு தல உண்டு, அவர் பின்னால் ஒரு கூட்டம் உண்டு, அந்தக் கூட்டத்துக்குத் தனிக் கானா உண்டு. இந்தக் கூட்டங்களுக்குள் பகை முற்றி, 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்துக்குள் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதிக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்தார்.

கைது, இடைநீக்கம், பெற்றோரை வரவழைத்து உறுதிமொழி எழுதி வாங்குவது என்பவைதாம் இதற்கு நாம் கண்ட வழி. குற்றம் செய்தவர் மீது நடவடிக்கை வேண்டும், அதில் தயவு கூடாது. ஆனால் பஸ்ஸில் தாளம் போடும் மாணவர்கள் எதைத் தேடி அங்கே போனார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு கூட்டம், தனக்காக நிற்கும் ஒரு தலைவர், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம் ஆகியவற்றைத்தான் தேடினார்கள். கல்லூரிக்குள் இவை நேர்வழியில் கிடைத்திருந்தால் எல்லோரும் அல்ல, பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள் என்பதே நம் நம்பிக்கை.

சட்டமும் நீதிமன்றமும் இதில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. கல்வியாண்டு தொடங்கிய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல், வேட்புமனு முதல் முடிவு வரை எல்லாம் பத்து நாளில், ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் செலவு, அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம், குற்றப் பின்னணி உள்ளவர் நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்துத்தான் அந்த விதிகள் எழுதப்பட்டன. சூழல் சரியில்லாத இடத்தில் தற்காலிகமாக நியமனம் செய்யலாம், ஆனால் ஐந்தாண்டுக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்றும், மதிப்பெண்ணை மட்டும் வைத்து நியமிப்பது நல்லதல்ல என்றும் குழு சொன்னது. அந்த ஐந்தாண்டு 2011இலேயே முடிந்துவிட்டது. இன்றும் பல கல்லூரிகளில் துறைத்தலைவர் கைகாட்டுபவர்தான் 'கிளாஸ் ரெப்'.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இந்தப் பழக்கத்துக்கே வலுச் சேர்த்தன. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்றது சரி. ஆனால் அதில் மாணவருக்குத் தரப்பட்ட இடம் 'சிறப்பு அழைப்பாளர்'. அவரும் படிப்பிலோ விளையாட்டிலோ பிற திறன்களிலோ சிறந்தவர் என்று நிர்வாகம் பார்த்து நியமிப்பவர். குறை மாணவருடையது, அதைப் பேசும் இடத்தில் அவர் விருந்தாளி. தன்னை நியமித்தவர்கள் மீதே புகார் வந்தால் அந்த மாணவர் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பார்?

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களையும் தட்டிக்கழிக்கக் கூடாது. கட்சிகள் உள்ளே புகுந்துவிடும், ரத்தம் சிந்தும் என்கிறார்கள். 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டதை யாரும் மறக்க முடியாது. பேரவை இருந்தாலே அமைதி வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வெளியாட்களும் வெளிப்பணமும் வளாகத்துக்குள் வராமல் தடுக்கத்தான் லிங்டோ விதிகள் இருக்கின்றன. அவற்றைக் கறாராக அமல்படுத்துவது நிர்வாகத்தின் கடமை. சாதி பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்பது அடுத்த பயம். சாதி ஏற்கெனவே கையில் கட்டிய கயிற்றிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. பல துறை, பல ஊர் மாணவர்கள் ஓட்டுப் போடும் கல்லூரியில், தன் சாதியை மட்டும் நம்பி நிற்பவர் பெரும்பான்மையைப் பெறுவது கடினம். மற்றவர் வாசலுக்கும் அவர் போயாக வேண்டும். படிப்பு கெடும் என்பது மூன்றாவது காரணம். வருடத்தில் பத்து நாளில் கெட்டுப்போகும் படிப்பு என்றால், அது அதற்கு முன்பே கெட்டிருக்க வேண்டும்.

உண்மையான தயக்கம் வேறெங்கோ இருக்கிறது. 1965 மொழிப் போராட்டத்தில் தமிழக மாணவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டே ஆண்டில், அந்தப் போராட்டத்தில் முன்நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். அந்த அலையில் ஆட்சிக்கு வந்தவர்களும் சரி, பின்னால் வந்தவர்களும் சரி, மாணவர் சக்தியின் அருமையை மேடையில் பாடினார்களே தவிர, வளாகத்துக்குள் அது அமைப்பாக நிற்பதை விரும்பவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர்கள் குப்பையைத் தாங்களே பொறுக்கி, போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்தியதை ஊரே பாராட்டியது. கடற்கரையில் நம்பிய அதே பிள்ளைகளைக் கல்லூரிக்குள் நம்ப மறுப்பது என்ன நியாயம்?

கடல் தாண்டியும் இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டபோது, மாணவர்கள் வாசலில் அமர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாளிலேயே துணைவேந்தர் வந்து மீண்டும் அடிக்கல் நட்டார். மாணவர் ஒன்றியம் என்ற அமைப்பு ஆண்டாண்டாகக் கட்டிக் காத்த ஒற்றுமைதான் அந்த நெருக்கடியில் கைகொடுத்தது. பிரிட்டனில் மாணவர் சங்கத்தின் முக்கியப் பொறுப்புகளை ரகசிய வாக்கெடுப்பில்தான் நிரப்ப வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே சொல்கிறது. சங்கத்தில் சேர விரும்பாதவர் விலகி நிற்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது.

தமிழக உயர்கல்வித் துறை தன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லாக் கல்லூரிகளுக்கும், தனியார், தன்னாட்சிக் கல்லூரிகள் உட்பட, பேரவைத் தேர்தலுக்கான கால அட்டவணையை வெளியிட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அதே ஒழுங்கைத் தாமாக ஏற்க வேண்டும். சேர்மன், செயலாளர் இரண்டில் ஒன்று பெண்ணுக்கு என்று நிச்சயிக்க வேண்டும். விடுதிக்கு ஒருவர், கல்லூரி பஸ் ரூட்டுக்கு ஒருவர் என்று பிரதிநிதிகள் வேண்டும். ஓட்டுப் பெற்று வந்த ரூட்டுப் பிரதிநிதி இருந்தால் கத்தி தூக்கும் தலைக்கு மவுசு குறையும். பேரவைக்குச் சிறு நிதி ஒதுக்கி, அதன் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். குறைதீர்ப்புக் குழுவுக்கு மாணவரை நியமிக்கும்போது, தகுதியுள்ள பேரவை உறுப்பினர்களிலிருந்தே நியமிக்க வேண்டும். இதற்கு 2023 விதிமுறையில் தடையேதும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது மாலை பஸ் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பட்டும். பேரவை கூட, மாணவர்கள் ஒருவரையொருவர் அறிய அந்த நேரம் வேண்டும்.

1989 முதல் பதினெட்டு வயதில் நாடாளுமன்றத்துக்கே ஓட்டுப் போடும் உரிமை இந்த நாட்டில் இருக்கிறது. அதே வயதுப் பிள்ளை தன் கல்லூரிச் சேர்மனைத் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லாதவர் என்று எந்தக் கல்லூரி முதல்வரும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. அரசாணை வரட்டும் என்று தாம்பரம், மேடவாக்கம் பகுதிக் கல்லூரிகள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு கையில் இருக்கிறது, விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன, செலவும் பெரிதல்ல. ஒரு சுற்றறிக்கையில் முதல்வர் கையெழுத்துப் போட்டால் எட்டு வாரத்துக்குள் தேர்தலை நடத்திவிடலாம். எந்தக் கல்லூரி முதலில் அந்தக் கையெழுத்தைப் போடுகிறதோ, அதன் பக்கம் இந்தப் பகுதியின் பெற்றோரும் மாணவரும் நிற்பார்கள், நாமும் நிற்போம்.