இசைத்தட்டும் அரக்கு விவசாயியும்

பழைய கிராமபோன் தட்டைப் பார்ப்பவர்கள் அதைப் பிளாஸ்டிக் என்றே நினைக்கிறார்கள். 1940-கள் வரை வந்த தட்டுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் அல்ல. கல்தூளையும் கரியையும் அரக்கில் பிசைந்து, சூட்டில் அழுத்தி எடுத்தவை. அந்த அரக்கில் பெரும் பகுதி சோட்டா நாகபுரிச் சிறு விவசாயிகள் புரசு, இலந்தை, குசும் மரங்களில் பூச்சி விட்டு எடுத்த மகசூல்.

உலகம் முழுவதும் பாட்டுக் கேட்டது இந்தப் பூச்சியின் தயவால் என்று சொன்னால் மிகையாகாது. யுத்த காலத்தில் கப்பல் வரத்துக் குறைந்தபோது, 1942-இல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. கம்பெனிகள் பழைய தட்டுகளை விலைக்கு வாங்கி, நொறுக்கி, உருக்கிப் புதுத் தட்டு போட்டன. வினைல் எல்.பி. தட்டு 1948-இல் கடைக்கு வந்தது. அத்துடன் அரக்கு விவசாயியின் பெரிய வாடிக்கைக்காரர் நழுவத் தொடங்கினார். அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

இப்போது மேல்நாட்டுக் கலைஞர்கள் மக்கும் தட்டைத் தேடுகிறார்கள். 2012-இல் ஸ்வீடன் நாட்டு இசைக்குழு ஒன்று பனிக்கட்டியில் தட்டு வார்க்கும் அச்சை அனுப்பியது. சில முறை ஓடி உருகிப்போகும் தட்டு. 2022-இல் இங்கிலாந்தில் தாவரப் பிளாஸ்டிக்கில் தட்டு வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரையிலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. போன்ற பிளாஸ்டிக், நம் எருக்குழியில் எளிதில் மக்காது. 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் ஆலைக் கிடங்கு அதற்கு வேண்டும். அரக்குத் தட்டோ உருக்கினால் மறுபடி தட்டாகும். கை தவறினால் உடையும் என்பது அதன் குறை. அது சிறிய குறையும் அல்ல.

கலைஞர்கள் அரக்கைத் திரும்பிப் பார்ப்பது நியாயம். விவசாயி அதை நம்பி மரம் வைப்பது நியாயமாகாது. சில நூறு தட்டுகளுக்குச் சில கிலோவே போகும். மாத்திரைப் பூச்சு, பழப் பூச்சு, மர வார்னிஷ் ஆகியவைதான் இன்று சந்தையைத் தாங்குகின்றன. கலைக்காக வாங்குகிறவர் நல்ல சரக்கு கேட்பார். அதற்கேற்ற விலையை மகசூலுக்கு முன்பே பேசிவிட வேண்டும். அது நடக்க, சுரண்டிய அன்றே ஈரத்தோடு வாரச்சந்தையில் கொட்டும் வழக்கம் மாறியாக வேண்டும். ஈர அரக்கைக் குவித்தால் கட்டி தட்டித் தரம் கெடும். நிழலில் மெல்லப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்தினால், வியாபாரி வரும்வரை தாங்கும்.