பிரசவச் செலவுக் கணக்கில் என் துணி எங்கே?

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒருநாள் இரவு நானும் என் கணவரும் உட்கார்ந்து பிரசவச் செலவுக்குக் கணக்குப் போட்டோம். மருத்துவமனை, ஸ்கேன், ஊசி, வாடகைக் கார், தொட்டில், கொசுவலை, குழந்தைக்கு உடுப்பு, டயப்பர், பெயர் வைக்கும் விசேஷத்துக்குச் சாப்பாடு என்று நோட்டில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைக்குக்கூட அதில் ஒரு வரி உண்டு. பெற்றுப் பிழைத்து வரப்போகிறவளுக்குத் துணி என்று ஒரு வரி கிடையாது. இதில் கணவரைக் குறை சொல்ல முடியாது. எழுதியது என் கை.

எனக்காக யாரும் செலவு செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கட்டுச்சோறு விருந்துக்கு 11,000 ரூபாயில் பட்டுப்புடவை எடுத்தார்கள். ரவிக்கைக்கு ஆரி வேலைப்பாடு, தையல் கூலியோடு 3,800. முதுகில் கொக்கி, கையில் மணி. நான்கு மணி நேரம் போட்டிருந்தேன். ஊரே பார்த்தது, போட்டோ எடுத்தது. குழந்தை பிறந்தபின் அந்த ரவிக்கை என் முழங்கையைத் தாண்டவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணை அலங்கரிக்க எல்லோரிடமும் காசு இருக்கிறது. பிள்ளையை வெளியே எடுத்தபின் அவள் எதை உடுத்துவாள் என்பது யாருடைய கவலையும் இல்லை.

மருத்துவமனைப் பையில் எனக்காக இரண்டு பழைய நைட்டி வைத்தேன். அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் இது அபூர்வமும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 100 பிரசவத்தில் சுமார் 45 அறுவைப் பிரசவம்தான். அப்படியிருந்தும், தையல் போட்ட வயிற்றில் பாவாடை நாடா எங்கே உட்காரும் என்று எந்த அத்தையும் அக்காவும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சரியாகத் தையல் மேலேயே உட்காரும். உள்ளாடையின் எலாஸ்டிக்கும் அதே இடத்தில்தான். தொப்புள் வரை ஏறும் பெரிய உள்ளாடை நான்கைந்து வாங்கி வைத்திருந்தால் அந்தப் பத்து நாள் வலியில் பாதி குறைந்திருக்கும். 500 ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னது இதுதான்: "எதுக்கு கண்ணு இப்பப் புதுசு? ஆறு மாசத்துல பழையபடி ஆயிருவ. அப்பறம் அதெல்லாம் லொடலொடன்னு கிடக்கும்."

இந்தப் 'பழையபடி'யோடுதான் எனக்குச் சண்டை. கல்யாணமான மூன்று வருடத்தில் என் கணவரின் இடுப்பு 32-லிருந்து 36 ஆனது. அவர் எந்தப் பிள்ளையையும் சுமக்கவில்லை. புரோட்டாதான் சுமந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு அந்தந்த அளவில் பேன்ட் வந்தது. "32-க்குத் திரும்பு, அப்புறம் எடுத்துக்கலாம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆண் உடம்பு எந்த அளவில் இருக்கிறதோ அதுதான் அதன் அளவு. பெண் உடம்புக்கு மட்டும் கல்யாண ஆல்பத்தில் இருப்பது அசல் அளவு, மற்றதெல்லாம் தற்காலிகம். அந்தத் தற்காலிகத்தில் அவள் ஓராண்டோ இரண்டாண்டோ வாழ்கிறாள், வேலைக்குப் போகிறாள், பேருந்தில் ஏறுகிறாள். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. பழையபடி ஆகவில்லை. ஆகவும் வேண்டாம்.

அம்மா சொன்னதைக் கேட்டதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்தது ஒரு தனியார் பள்ளியில். சம்பளமில்லாத மூன்று மாத விடுப்புக்குப்பின் "வர்றீங்களா, வேற ஆள் பார்க்கட்டுமா" என்று போன் வந்தது. 26 வார விடுப்பு 2017-லேயே சட்டமாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். போனேன். அங்கே ஆசிரியைகளுக்குச் சீருடைப் புடவை, அதற்கு மேல் ஓவர்கோட். ரவிக்கை கர்ப்பத்துக்கு முன் தைத்தது. தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கவாட்டுத் தையல் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லீங்க அக்கா" என்றார். புது ரவிக்கைத் துணி அடுத்த ஆண்டுதான் வரும் என்றது பள்ளி. அதுவரை சுடிதார் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தான் மிஸ்" என்றார்கள். அரசு ஊழியர்கள் துப்பட்டாவோடு சுடிதார் அணியலாம் என்று 2019-ல் அரசாணையே வந்துவிட்டது. தனியார் பள்ளியின் கேட்டுக்குள் அந்தக் காற்று வீசவில்லை.

கீழ்க்கொக்கி இரண்டைத் திறந்துவிட்டு ஊக்கு குத்திக்கொண்டு போனேன். உள்ளே பழைய அளவு பிரா. பதினொரு மணிக்குப் பால் கட்ட ஆரம்பிக்கும். மூன்றாவது பீரியடில் ரவிக்கை நனையும். புழுக்கத்துக்காக நான் வருடக்கணக்காகத் திட்டிய ஓவர்கோட் அப்போது அதை மறைத்தது, அந்த நன்றி அதற்கு உண்டு. இரண்டாவது வாரம் இடது மார்பு கல்லாகி, 103 டிகிரி காய்ச்சல். மருத்துவர் முதலில் கேட்டதே, "இறுக்கமா ஏதாச்சும் போடறீங்களா?" என்பதுதான். மருந்தும் பரிசோதனையுமாக 2,400 ரூபாய் ஆனது. 350 ரூபாய் ஃபீடிங் பிராவை மிச்சம் பிடித்த கணக்கு இப்படி முடிந்தது.

"எங்க காலத்துல புடவைதான், முந்தானையப் போட்டுப் பாலைக் குடுத்தோம், எந்தப் பிராவைக் கண்டோம்" என்று அம்முச்சி சொல்லும். அதில் பாதி உண்மை. முன்கொக்கி வைத்த தொளதொளப் பருத்தி ரவிக்கையும் முந்தானையும் பாலூட்டுவதற்கு நல்ல உடைதான். பேருந்திலும் களத்துமேட்டிலும் அவர்கள் அப்படித்தான் கொடுத்தார்கள். முதுகுக் கொக்கி, முதுகு ஜிப், மார்பை இறுக்கும் கட்டோரி வெட்டு என்று நாம்தான் உடையைப் பூட்டிக்கொண்டோம். பிறகு அதே முன்பக்கத் திறப்பை 'ஃபீடிங் குர்தி' என்று பெயர் வைத்து இரண்டு மடங்கு விலைக்கு நமக்கே விற்கிறார்கள். மற்ற பாதியை அம்முச்சி சொல்லாது. பாலில் நனைந்த ஆறு கஜம், துவைக்கவும் அவளேதான். அதோடு, அவளிடம் இருந்த மெத்தென்ற பருத்திப் புடவைகளெல்லாம் பிரசவத்தோடு காலி. ஒன்று தூளி ஆகும், ஒன்று மூத்திரத் துணியாகக் கிழிபடும், ஒன்று வயிற்றைக் கட்டப் போகும். உடம்புக்கு இதமான துணி வேண்டிய நேரத்தில் அவளுக்கு மிஞ்சுவது பெட்டியில் மடித்து வைத்த சிந்தடிக்தான். என் ஐந்து பருத்திப் புடவையில் மூன்று அப்படித்தான் போயின. என் மகளின் தூளிக்குப் போனதில் வருத்தமில்லை. இடத்தை நிரப்ப யாரும் ஒன்று வாங்கவில்லை என்பதுதான்.

மிச்சம் இருப்பது நைட்டி. மலிவு, காற்றோட்டம், வயிற்றில் நாடா இல்லை, முன்னால் ஜிப். பிள்ளை பெற்றவளுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே உருப்படியான உடை. அதையும் விட்டார்களா? ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தொகலபள்ளி கிராமத்தில் 2018-ல் ஊர்ப்பெரியவர்கள் கூடி, காலை 7 முதல் மாலை 7 வரை பெண்கள் நைட்டி போடக்கூடாது என்று விதித்தார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், பார்த்துச் சொல்கிறவருக்கு 1,000 சன்மானம். நம் ஊரில் அபராதம் இல்லை, துண்டு இருக்கிறது. பால்காரர் மணியடித்தால் நைட்டிக்கு மேல் துண்டு. கேஸ் சிலிண்டர் வந்தால் துண்டு. மாமனார் பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்தால், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் துண்டு. அவர் சட்டையில்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்.

வெளியே போகும்போதும் இதே கதைதான். 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் முதுகில் ஜிப் வைத்த சுடிதாரோடு உள்ளே போனவள் என்ன செய்வாள்? கீழிருந்து கழுத்துவரை தூக்க வேண்டும், அறுவைத் தையல் தெரிய, அரை நிர்வாணமாக உட்கார வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை பார்க்கும் தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு 2 பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்திலேயே இருந்தது. அந்த இடைவேளையை வாங்கினாலும் அதைச் செலவழிக்க ஒரு திறப்பு உடையில் இருக்க வேண்டும்.

அதே 2015-ல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள் அடங்கிய பரிசுப் பெட்டகம் தொடங்கினார்கள். குழந்தைக்கு உடுப்பு, துண்டு, படுக்கை, கொசுவலை, எண்ணெய், கிலுகிலுப்பை. அம்மாவுக்குச் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி, குறைத்துப் பேசவில்லை. ஆனால் அரசாங்கத்தின் பட்டியலும் என் நோட்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவள் குளிக்க வேண்டும், லேகியம் சாப்பிட்டுப் பால் சுரக்க வேண்டும். குளித்துவிட்டு எதைக் கட்டுவாள்?

நான் இருப்பது திருப்பூரில். உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊர். எதிர்வீட்டு அக்கா ஒரு பனியன் கம்பெனியில் குழந்தை உடுப்பு தைக்கிறார், பீஸ் ரேட்டுக்கு. பெற்ற மூன்றாம் மாதம் மெஷினில் உட்கார்ந்தவர். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஆகும். மார்பில் பழைய துணியை மடித்து வைத்து, மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாராம். மதியம் கழிவறையில் பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு வந்து உட்காருவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் வந்து பார்த்தார். "இதுக்கெல்லாமா மிஸ் அழுவாங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் கட்டிங் வேஸ்ட்டில் வந்த பருத்திப் பனியன் துணியை வட்ட வட்டமாக வெட்டி, மூன்று மடிப்பாக ஓவர்லாக் அடித்துப் பத்து பேடு கொண்டுவந்தார். கடையில் ஒரு தடவை வைத்துத் தூக்கி எறியும் பேடு வாங்கினால் மாதாமாதம் செலவு. இவரது பேடை ஒன்பது மாதம் துவைத்துத் துவைத்து வைத்தேன்.

அந்த அக்காவோடு உட்கார்ந்துதான் முதல்முறையாக ஒழுங்கான கணக்குப் போட்டேன். காதர்பேட்டையிலும் தெருக்கடையிலும் நாங்கள் விசாரித்த விலை. முன் ஜிப் வைத்த பருத்தி நைட்டி நான்கு, ஒன்று 300 வீதம் 1,200. அடர்நிறப் பூப்போட்டதாக எடுங்கள், வெளிர்நிறத்தில் பால் திட்டு வட்டமாகத் தெரியும். ஃபீடிங் பிரா மூன்று, 1,050. மூன்றையும் முன்கூட்டியே வாங்க வேண்டாம். ஒன்பதாம் மாதம் இரண்டு, பால் சீராகி அளவு நிலைத்தபின், அதாவது ஆறேழு வாரம் கழித்து, மூன்றாவது. பெரிய உள்ளாடை ஐந்து, 450. அகலப் பட்டை எலாஸ்டிக் பேன்ட் இரண்டு, 500. இருக்கும் சுடிதார் டாப் இரண்டில் மார்புத் தையலோரம் மறைவாக ஜிப் வைக்கக் கூலி 240. நான்கு ரவிக்கையைப் பிரித்துவிட 200. பேடுக்குத் துணி 150. மொத்தம் 3,790 ரூபாய்.

என் ஆரி ரவிக்கையைவிட 10 ரூபாய் குறைவு.

"பெண்ணியம் பேச உங்களுக்கு நைட்டிதான் கிடைச்சுதா?" என்று ஒரு தோழர் கேட்டார். கேட்டவரின் சட்டையில் பை இருந்தது, பையில் பேனாவும் போனும் இருந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கப் போனைத் தேடி அலைந்தவள் நான். உடம்பு தையலோடும் பாலோடும் ரத்தத்தோடும் இருக்கும் நாட்களில் உடை என்பது அலங்காரம் அல்ல, சிகிச்சையின் பகுதி. கட்டுத்துணிக்கும் மருந்துக்கும் கணக்கில் வரி இருக்கும்போது இதற்கும் இருக்க வேண்டும். இது அவள் 'ஆசைப்பட்டு' கேட்பதல்ல. கேட்க வைப்பதே தப்பு.

கல்லூரியில் படிக்கிற பெண்கள் இதை வாசித்தால், உங்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ வளைகாப்பு வருமல்லவா? வெள்ளிக் கிண்ணமும் கிலுகிலுப்பையும் நான்கு பேர் கொண்டுவருவார்கள். நீங்கள் இரண்டு நைட்டி கொண்டுபோங்கள். இன்னொன்று, ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் இரண்டு அங்குலம் உள்துணி விடச் சொல்லுங்கள். பிள்ளை பெறாவிட்டாலும் உடம்பு மாறும்.

இப்போது என் தங்கைக்கு ஏழாம் மாதம். போன ஞாயிறு அம்மா வீட்டில் கணக்கு நோட்டை எடுத்தார்கள். நான் பேனாவை வாங்கி, மருத்துவமனைச் செலவுக்கு அடுத்த வரியில் 'இவளுக்குத் துணி 4,000' என்று எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆறு மாசத்துல..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. தங்கை நோட்டை இழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எதையோ சேர்த்தாள். எட்டிப் பார்த்தேன். 'நைட்டிக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட்' என்று இருந்தது.