கஞ்சா செடியில் போதையை மட்டும் நீக்க முடியுமா? 0.3% கணக்கும் இமயமலை விவசாயிகளும்

கஞ்சா சாகுபடியைச் சோதனை முறையில் ஆராய, பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களுக்கு 2025 ஜனவரியில் இமாச்சலப் பிரதேச அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ‘அரசாங்கமே கஞ்சா வளர்க்கப் போகுதா?’ன்னு கேட்டால், ஆமாம். ஆனால் நோக்கம் போதை இல்லை. மருந்தும் தொழில் பயன்பாடும்தான். பக்கத்து மாநிலமான உத்தராகண்ட் 2018-லேயே நாருக்கும் விதைக்கும் ‘ஹெம்ப்’ வளர்க்க வழிவிட்டது. நிபந்தனை ஒன்றுதான்: போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அதென்ன 0.3?

1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் செடிகளை வகைப்படுத்த வசதிக்காகப் போட்ட கோடு அது. இந்த அளவைத் தாண்டினால் போதை ஏறும் என்று அவர்கள் சொல்லவில்லை. வகைப்பாட்டுக்குப் போட்ட கோடு பின்னாடி சட்டமாகிவிட்டது. அமெரிக்காவின் 2018 சட்டத்திலும் இதே எண்தான்.

போதையை எப்படிக் குறைப்பார்கள்?

செடிக்குள் ஒரே மூலப்பொருளிலிருந்து ஒரு நொதி டிஎச்சி வகையை உருவாக்குகிறது. இன்னொரு நொதி போதை தராத சிபிடி வகையை. முதல் நொதி வேலை செய்யாத செடிகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குள்ளேயே கலந்து, தலைமுறை தலைமுறையாக வடிகட்டினால் டிஎச்சி அடங்கும். ஆனால் இரண்டாவது நொதியும் கொஞ்சம் டிஎச்சியைக் கசியவிடும். அதனால் மருந்துக்காக சிபிடியை ஏற்றிக்கொண்டே போனால், டிஎச்சியும் கூடவே ஏறி கோட்டைத் தொட்டுவிடும்.

‘ஐரோப்பாவில்தான் போதை குறைந்த ரகம் ஏற்கெனவே இருக்கே, வாங்கி நட்டால் போதாதா?’ இங்கேதான் இடிக்குது. பகல் குறுகும்போது பூக்கும் செடி இது. வடக்கே நீண்ட கோடைப் பகலில் தேர்ந்தெடுத்த ரகத்தை இங்கே நட்டால் சீக்கிரமே பூத்துவிடும். செடி உயராது, நாரும் கிடைக்காது. மலைக்குப் பழகிய உள்ளூர்ச் செடி நன்றாக வளரும்; ஆனால் அதில் டிஎச்சி அதிகம். ஆக, உள்ளூர்ச் செடியிலிருந்தே பொறுக்கி எடுத்தாக வேண்டும்.

எடுத்தாலும் வேலை முடியாது. கஞ்சாவில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும். இமயமலை அடிவாரத்தில் சாலையோரமெல்லாம் காட்டுக் கஞ்சாதான்! அந்த மகரந்தம் வயலில் விழுந்தால் அந்த வருடப் பயிரின் டிஎச்சி ஏறாது. அடுத்த வருடத்துக்கு விவசாயி எடுத்து வைக்கும் விதையில்தான் போதை திரும்பி வரும். சட்னிக்காகத் தலைமுறைகளாக பாங் விதை சேர்த்து வைக்கும் குமாவுன், கர்வால் கிராமங்களில் ‘சொந்த விதை வேண்டாம், ஒவ்வொரு வருடமும் புதுசா வாங்கு’ என்று சொல்வது சின்ன விஷயமில்லை.

வரம்பைத் தாண்டிய பயிரை அமெரிக்காவில் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூவை நீக்கிச் சரிசெய்யலாம். இமாச்சல் சோதனையில் எந்த ரகம் ஜெயிக்கிறது என்பதைவிட, அந்த விதை விவசாயிக்கு என்ன விலைக்குக் கிடைக்கும், பரிசோதனையில் 0.4 வந்தால் நஷ்டம் யார் தலையில் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.